அத்தான் வாய் திறக்காமல் கடந்த ஏரி

என் அக்கா புருஷன் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கவனியுங்கள், அவர் கார் ஓட்டுகிறவர் இல்லை, ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர். பயிற்சிப் பள்ளி வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. காலை எட்டு மணிக்கு அதன்மேல் வைத்த காலைச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எடுப்பார். வாயும் அதே எட்டு மணிக்குத் திறக்கும், ஆனால் ஆறு மணிக்கு மூடாது.

"கிளட்ச்... கிளட்ச்... மெதுவா. கண்ணாடியைப் பாரு. என்னை ஏன் பார்க்கறே, கண்ணாடியைப் பாரு!"

ஊரில் அவருக்கு பிரேக் வாத்தியார் என்று பெயர். நான் பல் டாக்டர். என்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு பேசாமல் படுத்திருப்பார்கள். அந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டதாலோ என்னவோ, ஓயாமல் பேசுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனாலும் அத்தானை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

ஒருமுறை அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். வாய் நிறையப் பஞ்சு, தாடை மரத்துப்போயிருக்கிறது, பேச வழியே இல்லை. மனிதர் கையைத் தூக்கி, இடது பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்படியே நேராக என்று எனக்கு வழி காட்டினார். பல் வந்ததும் 'நிறுத்து' என்று உள்ளங்கையைக் காட்டினார். வீட்டில் டிவி பார்க்கும்போதும் இதே கதைதான். படத்தில் எவனாவது காரை வேகமாக ஓட்டினால் அத்தானின் கால் தரையை மிதிக்கும். அவர் நாற்காலிக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் சரியாகக் கால் படுகிற இடம் தேய்ந்து தரை தெரிகிறது. அக்கா அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் போதும், "பின்னாடி ஆள் வராங்களான்னு பார்த்துட்டுத் திரும்பு" என்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் நாற்காலியில். யார் வரப்போகிறார்கள்?

அக்காவுக்கும் அவர்தான் கார் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். நான்கு முறை தேர்வுக்குப் போனாள், நான்கு முறையும் தோற்றாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற வேறொரு பள்ளியில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். தபாலில் வந்த உறையை அத்தான்தான் பிரித்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. அது என் வாழ்க்கையின் பொன்னான இரண்டு நாள் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு கணக்கு தோன்றியது. தினமும் ஐம்பத்தாறு கிலோமீட்டர், வருடத்துக்கு முந்நூறு நாள், இருபத்தாறு வருடம். விளையாட்டு மைதானத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வழியாக, சந்தைக்குப் பின்னால் வண்டியைத் திருப்பி, மறுபடி மைதானம்.

"மாப்பிள்ளை, இந்த உலகத்தை நான் பதினோரு தடவை சுத்தியிருக்கேன். நாலு தெருவுக்குள்ளயே" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் முகம் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது தடவையாவது உண்மையான உலகத்தைச் சுற்ற வேண்டும், அதுவும் தரையிலும் தண்ணீரிலும் போகிற ஒரே வண்டியில் என்றார். வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டு நாம் மேல்தளத்தில் காற்று வாங்கினால், அது வண்டி போன கணக்கில் சேராதாம். நடுவில் இறங்கினால் பாடம் செல்லாது என்பது அவர் பள்ளியின் சட்டம்.

"கடல்ல ஓட்டறது ரொம்பக் கஷ்டம்னு சொல்றாங்களே?" என்றேன்.

"என்ன கஷ்டம்? சிக்னல் இல்லாத பெரிய சந்திப்பு. அவ்வளவுதான்."

ஊர்க்கோடியில் ஒரு வெல்டர் இருந்தார். அத்தானிடம் ஓட்டக் கற்றவர், அதனால் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே கைவேலை பார்க்கத் தெரிந்தவர். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதன் அடியில் இரும்புத் தகட்டைப் படகு போல வளைத்துப் பற்றவைத்து, பின்னால் விசிறி பொருத்தினார்கள். ஏழெட்டு மாதம் பிடித்தது. வேலை முடிந்து பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குச் சக்கரம் முளைத்த மாதிரி இருந்தது. வெல்டர் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார். அத்தானுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆனால் அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் முதல் ஓட்டம். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருடம் கழித்து அந்தப் பக்கம் உட்காருகிறார். "கிளட்ச்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "மிதிச்சுட்டேன்" என்று தனக்கே பதில் சொன்னார். "சரியா மிதிக்கல" என்று தன்னையே கண்டித்தார். "எல்லாம் மிதிச்சாச்சு, சும்மா இருங்க" என்று தன்மேலேயே எரிந்து விழுந்தார். இந்தச் சண்டை முடிவதற்குள் ஆமை பட்டறைச் சுவரில் போய் முட்டி நின்றது.

வெல்டர் ஓடி வந்தார். "சார், கோச்சுக்காதீங்க. உங்களுக்குச் சொல்லத்தான் வருது. ஓட்ட வரல."

சுவரில் விழுந்த விரிசலை அத்தான் விரலால் தடவிப் பார்த்தார். பாவமாக இருந்தது எனக்கு.

ஆக, ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அக்காவை விட்டால் வேறு யார்? அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் ஊசி குத்துகிற வேலை. கை நடுங்காது, குத்தும்போது பேச்சும் கிடையாது. ஆமையை எடுத்து மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி, சுவருக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். படகு ஓட்டுகிற பயிற்சிக்கும் போய் அதற்கான சீட்டையும் வாங்கிவிட்டாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வீட்டை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விடப் பேசியாயிற்று, பாஸ்போர்ட் வந்தாயிற்று. அக்கா வேலையிலிருந்து விலகுகிற கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் சமையலறை மேசையில் அக்கா பேச்சை எடுத்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்றேன். இருபத்தாறு வருஷம் உங்க குரலைக் கேட்டாச்சு. இந்த வீட்ல நாலு ரூம் இருக்கு, தாங்க முடியலேன்னா எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடுவேன். ஆமைக்குள்ள எந்த ரூமுக்குப் போறது? கடல்லயா குதிக்கிறது?"

"நான் என்ன பேசறேன்? தேவையானதுதானே..."

"ஞாயித்துக்கிழமை ஏரி. இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உட்காருங்க. முன்சக்கரம் கரையைத் தொடற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்க, நான் வரல. கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவேன். நீங்க தனியா உலகத்தைச் சுத்துங்க."

அத்தான் சம்மதித்துத் தலையாட்டினார். அக்கா விடவில்லை. அவரை அவளுக்குத் தெரியாதா? "கை காட்டக் கூடாது. கனைக்கக் கூடாது. காலால தரையை மிதிக்கக் கூடாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்ஸ்னு காத்தை இழுக்கறது இருக்கு பாருங்க, அதுவும் கூடாது. தம்பிகிட்ட சொல்ற மாதிரி எனக்குச் சொல்றதும் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதான் நடுவர். பின்னாடி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துட்டிரு. உன் தொழிலே அதுதானேடா."

மறுநாள் அத்தான் என் கிளினிக்குக்கு வந்தார். பல்வலி இல்லை. நோயாளி நாற்காலியில் சும்மா சாய்ந்து உட்கார்ந்தார். "பத்து நிமிஷ ஏரி, மாப்பிள்ளை. என்னால முடியுமா?"

"முடியாது அத்தான்" என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்.

முகத்துக்கு நேராக இருந்த விளக்கைத் தள்ளிவிட்டு அத்தான் எழுந்து உட்கார்ந்தார். "அவ வரலேன்னா நான் போய் என்ன பண்றது? உலகத்துல ஒரு நல்ல இடத்தைப் பார்த்தா, யார்கிட்ட சொல்றது?" அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதை மறைக்க, வந்ததுதான் வந்தார் என்று பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வெல்டர் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே அக்கரைக்குப் போய்விட்டார். ஆமை பளபளவென்று நின்றது. விடியும் முன்பே எழுந்து அத்தான் உள்ளும் புறமும் கழுவியிருந்தார். தேர்வுக்குப் போகிற வண்டியைக் கழுவாமல் கொண்டுபோகக் கூடாது, அதிகாரிக்கு முதல் பார்வையிலேயே நல்ல எண்ணம் வர வேண்டும் என்பது அவருடைய தொழில் ஒழுக்கம். மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம். அக்கா முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். நான் பின்னால் உயரமான பலகையில் ஏறி, கருவிப் பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும். நல்லவேளையாக அத்தான் பக்கத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. பழக்கதோஷத்தில் பயிற்சி வண்டியில் இருப்பது போலவே மாட்டியிருந்தார். அதில் அவர் மூக்கிலிருந்து மோவாய் வரை தெரிந்தது. அதிலேயே கண்ணை நட்டுக்கொண்டேன்.

ஆமை சரிவில் இறங்கித் தண்ணீரைத் தொட்டது. சர்ரென்று ஒரு சத்தம், ஒரு குலுக்கல், அப்புறம் மிதந்தது. மிதந்துவிட்டது! அக்கா 'ஹா' என்று கத்தினாள். கண்ணாடியில் அத்தானின் உதடு இரண்டும் ஒட்டியபடியே இருந்தன.

முதல் இரண்டு நிமிடம் அவர் பட்ட பாட்டை நான் ரசித்துப் பார்த்தேன். அக்கா ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் பிடித்தாள், அத்தானின் மோவாய் துடித்தது. எதிரே ஒரு மீன்பிடிப் படகு வந்தது. அக்கா ஹாரன் அடிக்கவில்லை. அத்தானின் கன்னம் உப்பிச் சிவந்து, மெல்ல இறங்கியது. வாய் திறக்கவில்லை. பரவாயில்லையே மனிதர் என்று நினைத்தேன்.

மூன்றாவது நிமிடம் வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடி பேண்ட் பையில் கையை விட்டார். அங்கே கைக்குட்டையோடு பித்தளைத் திருகு மூடி ஒன்று வந்தது.

இந்த மூடி என்ன என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆமையின் அடித்தட்டில் கட்டைவிரல் அளவு ஒரு துளை உண்டு. வண்டியைக் கழுவினால் உள்ளே தேங்குகிற தண்ணீர் வடிவதற்காக வெல்டர் வைத்தது. காலையில் கழுவி முடித்த அத்தான், மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டார். மூடி தொலையக் கூடாதே என்று பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பத்திரம்.

துளை இருந்தது அக்காவின் இருக்கைக்கு முன்னால், மிதியடிக்குக் கீழே. அந்த மிதியடிமேல் அக்காவின் இரண்டு பூட்ஸ் கால்களும் ஊன்றியிருந்தன. அத்தான் குனிந்து பார்த்தபோது அங்கிருந்து தண்ணீர் அமைதியாக ஊறிக்கொண்டிருந்தது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். காலைத் தூக்கு என்று சொல்ல வேண்டும். தினமும் நூறு தடவை, யார் யாருக்கோ, தேவையே இல்லாமல் சொன்ன வார்த்தை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மையிலேயே தேவைப்பட்டது.

கண்ணாடியில் அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். "அத்தான்!" என்று அதட்டினேன், நடுவர் அல்லவா. வாய் மூடிக்கொண்டது.

பிறகு அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். தரையை மிதித்துவிடக் கூடாது என்று முன்ஜாக்கிரதையாகக் கழற்றுகிறார் போலும், என்ன கட்டுப்பாடு என்று மெச்சிக்கொண்டேன். அவர் தோள் ஏறி இறங்கியது. பக்கத்தில் சளப் சளப் என்று சத்தம் கேட்டது. அலை மோதுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தான் ஷூவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஷூ போதாமல் இன்னொன்றையும் கழற்றினார். அக்காவோ ரோட்டைப் பார்த்து ஓட்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று இவரிடமே கேட்டுக் கேட்டு வளர்ந்த ஓட்டுநர். எதிர்க்கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூட்ஸ் போட்ட காலுக்கு ஈரமும் தெரியவில்லை. ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

கரை நெருங்கியது. வெல்டர் அங்கே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். வரவேற்கிறார் என்று அக்காவும் கையை ஆட்டினாள். அவர் எங்களை எச்சரித்துக்கொண்டிருந்தார். கரைக்கு இன்னும் முப்பதடி இருக்கும், என்ஜின் இருமிவிட்டு நின்றது. அப்போது அக்காவின் டீ பிளாஸ்க் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மிதந்து வந்தது.

"ஐயோ! என்னங்க இது! எப்போலேர்ந்து வருது?"

அத்தான் பதில் சொல்லாமல் திருகு மூடியைத் தூக்கிக் காட்டினார். மற்றொரு கையில் ஷூ.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

"பேசுங்க அத்தான், போட்டி முடிஞ்சுது!" என்று நானும் அலறினேன். அதற்குள் கருவிப் பெட்டியே தண்ணீருக்குள் போய்விட்டது. நான் பலகைமேல் ஏறி நின்றிருந்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். முன்சக்கரம் இன்னும் தொடவில்லையாம்.

ஆமை மெதுவாக, மரியாதையாக உட்கார்ந்தது. அடியில் தொம் என்று ஒரு சத்தம். முன்சக்கரம் சேற்றில் பதிந்தது. உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் தண்ணீர் மார்பு வரை வந்து, அதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டது.

"தொட்டாச்சு! தரை தொட்டாச்சு! நடுவர் தீர்ப்பு, அத்தான் ஜெயிச்சுட்டார்!" என்று கத்தினேன்.

அத்தான் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அக்கா பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் காலைத் தூக்கும்மா" என்றார். "மூடியைப் போட்டுடறேன்."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்க்கப் போய் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, மறுபடியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"நடு ஏரியில மூழ்கியிருந்தா? இவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது. பந்தயம் பெருசா, உயிர் பெருசா? சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை அதட்டினான்."

"அவன் அதட்டினா விட்டுடுவீங்களா?"

அத்தான் ஷூவில் இருந்த தண்ணீரைக் கொட்டினார், அது ஏரியிலேயே விழுந்தது. "அதுக்காக இல்ல. உன்னைப் பார்த்தேன். நீ நல்லா ஓட்டிட்டிருந்தே. நடுவுல நிறுத்த மனசு வரல."

இருபத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் உட்பட ஒருத்தரிடமும் அவர் இப்படிச் சொன்னதில்லை. லைசென்ஸ் வாங்கி வந்து காட்டினால், "பார்த்துப் போ" என்பார். அக்கா தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். முகம் முழுக்க ஏற்கெனவே தண்ணீர்தான். அவள் அழுதாள் என்று எனக்குத் தெரியும், நானும் அழுதேன். பயத்திலும் கொஞ்சம் சேர்த்து அழுதேன்.

வெல்டர் கயிறு கொண்டு வந்து ஆமையை லாரியில் கட்டினார். என்ஜினைப் பிரித்துக் காயவைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்.

"ரெண்டு வாரத்துல முடிங்க. நாளைக்குக் கடிதம் கொடுக்கறேன்" என்றாள் அக்கா.

பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அத்தான் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "மூணு வருஷத்துக்கும் இதே சட்டம்தான், தெரிஞ்சுக்குங்க. தண்ணி உள்ள வந்தா மட்டும் சொல்லலாம். வேற எதுக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

அத்தான் இரண்டு ஷூவையும் மார்போடு அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"எவ்வளவு வந்தா?" என்று கேட்டார்.